கச்சான் காற்றில் கலெட்

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மாட்டி வைக்க ஒரு நல்ல படம் தேடிக்கொண்டிருந்தேன். அல்பம் முழுக்க எங்கள் வீட்டு விசேஷங்கள்தான்: என் பிறந்தநாட்கள், தம்பி சோதனை பாஸான நாள், அப்பா ஓய்வுபெற்ற அன்று வைத்த தேநீர் விருந்து. ஒன்றிலும் அம்மா இல்லை. இருந்த இரண்டு மூன்று படங்களிலும் குசினி நிலையோடு ஒட்டிக்கொண்டு, கையில் கண்ணகப்பையோடு, தாச்சியை ஒரு கண்ணால் பார்த்தபடி நிற்கிறார். ரோல்ஸும் பற்றிஸும் சுடச்சுடப் போக வேண்டும் என்றால், ஆட்கள் வந்து உட்காரும் நேரம்தான் பொரிக்கிற நேரம். வேறு வழியே இல்லை.

இந்த முறை அம்மா விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. கடையில் வாங்கலாம் என்றால் அம்மா முகம் சுருங்கிவிடும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் மச்சாளோடு கதைத்தபோது அவள்தான் கலெட் செய்யச் சொன்னாள். "பற்றிஸ் மாதிரி ஒவ்வொன்றாய் மடிக்கத் தேவையில்லை மச்சாள். பெரிய வட்டமாய் உருட்டி, நடுவில் கறியை வைத்து, ஓரத்தை உள்ளுக்கு மடித்துவிட்டு ஓவனில் தள்ளு. பிறகு நீ போய்க் குளிக்கலாம்" என்றாள். போய்க் குளிக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சரி என்றேன்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தேடிப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். பிரெஞ்சில் கலெட் என்றால் தட்டையான வட்டப் பண்டம் என்ற அளவுக்குத்தான் பொருள். ஆகவே ஒரே பெயரில் பல பலகாரங்கள் உண்டு. பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரெத்தாஞ் பகுதியில் கலெட் கேட்டால், பக்வீட் என்ற தானிய மாவைக் கரைத்து இரும்புக் கல்லில் மெல்லிசாக ஊற்றிய ஒன்று வரும். நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். உள்ளே முட்டை, சீஸ், பன்றி இறைச்சி வைத்து நாலு பக்கமும் மடிப்பார்கள். ஜனவரி 6ஆம் திகதி மூன்று ராசாக்கள் திருநாளுக்குச் செய்வது வேறொன்று. அடுக்கு மாவுக்குள் பாதாம் களி வைத்து, அதற்குள் ஒரு சின்னப் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் அன்றைக்கு ராசா. நான் செய்தது மூன்றாவது வகை: அச்சும் தட்டமும் இல்லாமல் கையால் ஓரம் மடித்துச் சுடுகிற உறைப்புக் கலெட்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் எங்கள் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் கையைக் காட்டினார். 1782 ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் இந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்ததும், செப்டெம்பர் 3ஆம் திகதி வெளியே கடலில் இரண்டு கப்பற்படையும் மோதியதும் அவருக்கு நேற்று நடந்தது மாதிரி. கொஞ்சக் காலத்தில் ஊர் ஒல்லாந்தர் கைக்குத் திரும்பிவிட்டது. "அவங்கள் அப்ப விட்டுட்டுப் போகாததை நீ இப்ப செய்" என்றார். அவர் சந்தோஷமாக இருந்தால் இப்படித்தான் கதைப்பார்.

விருந்துக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு முதல் முறை செய்து பார்த்தேன். ஜூலை மாதம் திருகோணமலையில் பின்னேரம் இரண்டு மணி என்றால் தெரியும்தானே. மேற்கிலிருந்து மலை தாண்டி வரும் கச்சான் காற்று ஈரமெல்லாம் இழந்து, அடுப்படிக் காற்று மாதிரி வீசும். உப்புவெளியில் கடல் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் பகலில் கச்சான் வீசினால் கடற்காற்றுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வேலை இல்லை. அந்த நேரத்தில் மேசையில் மாவைக் கொட்டி, பட்டரைப் போட்டுப் பிசைந்தேன். இரண்டு நிமிஷத்தில் பட்டர் எண்ணெயாகி மாவுக்குள் இறங்கிவிட்டது. உருட்டினால் கட்டையில் ஒட்டியது, தூக்கினால் கிழிந்தது. மாவைத் தூவித் தூவி எப்படியோ வட்டமாக்கி, மேலே தக்காளியும் வெங்காயமும் பச்சையாகவே அடுக்கி ஓவனில் வைத்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் தட்டில் நெய்க் குளம். மேல் ஓரம் கல் போல இறுகியிருந்தது. அடி வெள்ளையாக, அவித்த கொழுக்கட்டைத் தோல் மாதிரிக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

மச்சாளுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் முதலில் கேட்டது, "உங்கட குசினியில இப்ப எத்தின பாகை?" என்பதுதான். தம்பி மீன் தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த வெப்பமானியை எடுத்து மேசையில் வைத்தோம். 34 காட்டியது. பட்டர் 32க்கும் 35க்கும் இடையில் உருகிவிடும். எங்கள் குசினியே பட்டர் உருகுகிற சூட்டில் இருந்தால் கைவேலை எவ்வளவு திறமாக இருந்தும் பயன் இல்லை. அவளுடைய குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. பாரிஸ் குசினியில் அதை எழுதுவதற்குத் தேவை வந்திருக்காது.

பட்டர் ஏன் உருகக் கூடாது என்று விளங்கிய பிறகு மிச்சம் எல்லாம் தானாக விளங்கியது. பட்டரில் ஐந்தில் நாலு பங்கு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மாவுக்குள் அது சின்னச் சின்னத் துண்டாகவே இருந்தால், ஓவனின் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கும். கொழுப்பு இருந்த இடம் இடைவெளியாக நிற்கும். அதுதான் பொரபொரவென்று உதிரும் அடுக்கு. முன்னரே உருகி மாவோடு கலந்துவிட்டால் தூக்க ஒன்றும் இல்லை, மா கொழுப்பில் ஊறி இறுகும்.

இரண்டாவது முறை விடிய ஐந்து மணிக்கு எழும்பினேன். கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்தது, குசினித் தரை காலுக்குக் குளிர்ந்தது. வெப்பமானி 27. பட்டரை முதல்நாள் இரவே ஐஸ் பெட்டியில் போட்டிருந்தேன். மாவையும், கலக்கும் கிண்ணத்தையும் கூடப் பிரிட்ஜில் வைத்திருந்தேன். கல்லாக இறுகிய பட்டரைக் கரட் துருவும் துருவியில் பெரிய கண் பக்கம் வைத்து நேராக மாவுக்குள் துருவினேன். ஒவ்வொரு பத்துத் தேய்ப்புக்கும் ஒருமுறை முள்ளுக்கரண்டியால் மாவைப் பிரட்டிவிட்டால் துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. விரலுக்கு வேலை அதிகம் இல்லை. அதுதான் நல்லது, கைச்சூட்டிலேயே பட்டர் இளகிவிடும்.

என் அளவு இது. ஒரு கலெட்டுக்குக் கால் கிலோ கோதுமை மா, 125 கிராம் பட்டர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, நாலைந்து மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். கடையில் கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டது, அப்படியானால் உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். மாவுக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் பிரிமா ஆலை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே கப்பலில் வரும் கோதுமையை அரைத்துக்கொண்டிருக்கிறது, அந்தச் சாதாரண மாவே போதும். பட்டர் விலை கையைக் கடித்தால் நாலில் ஒரு பங்கு மாஜரின் சேர்க்கலாம். மாஜரின் சூட்டில் கொஞ்சம் கூட நேரம் இறுக்கமாக நிற்கும், உருட்டச் சுகம். முழுக்க மாஜரின் வேண்டாம். ஆறிய பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும்.

நம் கைக்குக் கஷ்டமான இடம் தண்ணீர் விடும் இடம்தான். ரொட்டிக்கும் பூரிக்கும் குழைத்துப் பழகிய கை, மா கண்டால் அழுத்தப் பார்க்கும். இங்கே குழைக்கக் கூடாது. தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, முள்ளுக்கரண்டியால் பிரட்டி, ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்க்க வேண்டும். பொத்தினால் நிற்கிறது, தட்டினால் உடைகிறது என்றால் போதும். கிண்ணத்தின் அடியில் உதிரி மா கிடந்தாலும் விட்டுவிடுங்கள். குழைத்தால் கோதுமையில் உள்ள பசை இழுபட்டு, சுடும்போது வட்டம் சுருங்கி, ஓரம் தோல் மாதிரி ஆகும். தேசிக்காய்ச் சாறு விடுவது அந்தப் பசையைக் கொஞ்சம் தளர்த்தத்தான். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் கொட்டி, பைக்கு வெளியே இருந்து அழுத்தித் தட்டையான வட்டமாக்கி, பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் மாவுக்குள் மஞ்சள் பொட்டுகளாகப் பட்டர் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உருட்டுவதற்கு முன் மேசையில் ஒரு பெரிய சில்வர் தட்டம் நிறைய ஐஸ் கட்டியை பத்து நிமிஷம் வைத்து எடுத்துத் துடைத்தேன். சீமெந்து மேசை நன்றாகக் குளிர் பிடிக்கும். இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் கூடுதல் மா தூவ வேண்டியதில்லை, ஒட்டினால் அப்படியே பிரிட்ஜுக்குத் தூக்கிப் போகலாம். கட்டை இல்லாதவர்கள் கண்ணாடிப் போத்தலில் ஐஸ் தண்ணீர் நிரப்பி உருட்டுங்கள். எனக்கு இப்போது கட்டையை விட அதுதான் பிடித்திருக்கிறது. ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் வட்டம், மூன்று நாலு மில்லிமீற்றர் தடிப்பு. ஓரம் கோணலாக இருந்தால் வெட்டிச் சரிக்கட்டத் தேவையில்லை, மடித்த பிறகு தெரியாது.

அடுத்தது உள்ளே வைப்பது. இதில் நான் கண்டுகொண்டது ஒரே விஷயம்: ஈரத்தை ஓவனுக்குள் அனுப்பக் கூடாது, வெளியிலேயே முடித்துவிட வேண்டும். தக்காளியை வட்டமாக வெட்டி உப்புத் தூவி, துணியில் அரை மணித்தியாலம் பரப்பிவிட்டால் துணி நனைந்து தக்காளி சுருங்கும். கத்தரிக்காயும் அப்படித்தான், உப்பில் போட்டுப் பிழிந்து, கொஞ்ச எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்ட வேண்டும். இறால் போடுவதானால் முன்னரே பிரட்டித் தண்ணீர் வற்ற விடுங்கள், ஓவனுக்குள் அது விடுகிற தண்ணீருக்கு அளவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் காவலாக, மாவின் நடுவில் ஒரு மேசைக்கரண்டி வறுத்த ரவையைத் தூவிவிடுவேன். மிச்சம் மீதி ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், வாயில் தட்டுப்படவே படாது.

பிரெஞ்சுக்காரர் வெங்காயத்தைப் பட்டரில் முக்கால் மணித்தியாலம் வதக்கித் தேன் நிறமாக்கிப் போடுவார்கள் என்று மச்சாள் விளக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் சீனிச்சம்பல் அல்லவா! ஒரு கிலோ வெங்காயம், செத்தல் மிளகாய் இடித்தது, கறுவா, ஏலக்காய், ரம்பை, புளி, கடைசியில் சீனி. மெல்லிய நெருப்பில் எண்ணெய் பிரியும் வரை. சீனிச்சம்பல் பணிஸ் சாப்பிட்டு வளர்ந்த எவருக்கும் மாவும் சீனிச்சம்பலும் சேர்ந்தால் என்ன ருசி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீஸுக்குப் பதிலாக ஒன்று செய்தேன், இதை நான் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன், கடைச் சீஸை விடத் திறம். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கி, வெள்ளைத் துணியில் கொட்டி, இரவு முழுக்கப் பிரிட்ஜுக்குள் வடிகட்டியில் வைத்தேன். காலையில் கீழே ஒரு கிண்ணம் தண்ணீர், துணிக்குள் கரண்டியால் வெட்டி எடுக்கக்கூடிய இறுகிய தயிர். அதில் உப்பு, மிளகு, இடித்த உள்ளி இரண்டு பல். மாவின் மேல் மெல்லிசாகப் பூசி, அதன்மேல் சீனிச்சம்பல், அதன்மேல் கத்தரிக்காய் வட்டங்கள். புளிப்பு, இனிப்பு, உறைப்பு மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும். இது எங்கள் வீட்டுக் கலெட்டாகிவிட்டது.

விருந்து நடந்த நாட்களில் கதிர்காமக் கொடி ஏறியிருந்தது, பெரியம்மா வீட்டார் விரதம். ஆகவே விருந்துக்குச் செய்த எட்டுக் கலெட்டில் ஐந்தைச் சைவமாகவும் மூன்றை மச்சமாகவும் பிரித்தேன். சைவத்துக்கு மாசிக் கருவாடு போடாத சீனிச்சம்பல் தனியாகச் செய்தது மட்டுமல்ல, மேலே முட்டை பூசவும் முடியாது. பால் பூசினால் போதும், நிறம் கொஞ்சம் மங்கல், மற்றபடி குறை இல்லை. மச்சத்துக்கு ரோல்ஸுக்கு வைக்கிற கறியேதான்: சூரை மீனை கொறுக்காப்புளியும் உப்பும் மிளகும் போட்டு அவித்து உதிர்த்து, உருளைக்கிழங்கு, லீக்ஸ், கறிவேப்பிலையோடு தண்ணீர் சுண்டப் பிரட்டியது. பூசணிக்காய் தாளித்து ஒன்று செய்தேன், அது எடுபடவில்லை. மாவும் மென்மை, பூசணியும் மென்மை, வாய்க்குப் பிடிமானம் இல்லை.

மடிக்கும்போது நடுவில் கறியைப் பரப்பி, சுற்றிவர ஐந்து சென்ரிமீற்றர் வெறுமையாக விடுங்கள். கறி இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம். ஆசைப்பட்டு மலையாகக் குவித்தால் அடி வேகாது. ஓரத்தின் ஒரு இடத்தைத் தூக்கி உள்ளுக்குச் சாய்த்து, பக்கத்துத் துண்டை அதன்மேல் கொஞ்சம் ஏறும்படி மடித்து, அப்படியே சேலைக் கொசுவம் பிடிப்பது போலச் சுற்றி வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு மடிப்பில் முடிந்துவிடும். இந்த இடத்தில் அம்மா வந்து நின்றார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தள்ளு பிள்ளை" என்று சொல்லி இரண்டாவதை எடுத்தார். முப்பது வருஷம் பற்றிஸ் ஓரம் முறுக்கிய விரல்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரே அகலம், ஒவ்வொன்றின் அடியிலும் கட்டைவிரலால் ஒரு மெல்லிய அழுத்தம். அந்த அழுத்தம் இருந்தவற்றில் ஒன்றுகூடச் சாறு கசியவில்லை என்பதைப் பிறகு கவனித்தேன். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மடித்ததும் உடனே சுடக் கூடாது. இருபது நிமிஷமாவது திரும்பவும் பிரிட்ஜில் இருக்க வேண்டும். எட்டையும் வைக்க எங்கள் பிரிட்ஜ் காணாது, நாலு பக்கத்து வீட்டுக்குப் போனது. மா வேலை எல்லாவற்றையும் முதல்நாள் விடியவும், கறிகளை முதல்நாள் பின்னேரமும் முடித்திருந்தேன். அன்றைய காலையில் உருட்டி மடிப்பது மட்டும்தான். எட்டுக்கும் சேர்த்து இரண்டு கிலோ மா, ஒரு கிலோ பட்டர். ஒன்றை எட்டாக வெட்டினால் அறுபத்து நாலு துண்டு. கேக், கடலைச் சுண்டல், பழங்களோடு நாற்பது பேருக்கு அது தாராளம்.

சுடும் விஷயத்தில்தான் பயந்திருந்தேன். எங்கள் சின்ன மின்சார ஓவனில் ஒரு நேரம் ஒன்றுதான் போகும், முக்கால் மணித்தியாலப்படி எட்டுக்கு ஆறு மணித்தியாலம். அப்பா தெருமுனைப் பேக்கரிக்குப் போய்க் கேட்டு வந்தார். நத்தாருக்குக் கேக் கலவையைத் தட்டோடு கொண்டுபோய் அங்கே சுடுவித்துக்கொள்ளும் வீடுகள் எங்கள் பக்கம் உண்டு, அது புதிய காரியம் இல்லை. பின்னேரப் பாண் எடுத்த பிறகு விறகுப் போறணையில் இருக்கிற சூடு எங்களுக்கு.

போறணைக்கார அண்ணை கதவைத் திறந்து, ஒரு பிடி மாவை எடுத்து உள்ளே கல்தரையில் விசிறினார். மா விழுந்த உடனே கறுத்துப் புகைந்தது. "பொறுங்கோ தங்கச்சி, இன்னும் கோபமாய் இருக்கு" என்று சொல்லிக் கதவைத் திறந்தபடியே விட்டார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு பிடி. இந்த முறை மா மெல்ல மெல்லப் பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகி நின்றது. "இப்ப தாங்கோ." எட்டையும் ஒரே தடவையில் உள்ளே விட்டார். நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்தபோது வீட்டு ஓவனில் நான் ஒருநாளும் காணாத அடி இருந்தது. கத்தியால் தட்டினால் ஓட்டுச் சத்தம். சூடான கல்லில் நேராகத் தட்டு இருந்ததால், மாவுக்குள் பட்டர் உருகி வழிய முன்னமே அடி வெந்து இறுகிவிட்டது.

அதைப் பார்த்த பிறகு வீட்டு ஓவனிலும் அதே வித்தையைச் செய்கிறேன். கனமான இரும்புத் தோசைக்கல் ஒன்றை ஓவனுக்குள் கவிழ்த்து வைத்து, 200 பாகையில் முழுதாக அரை மணித்தியாலம் சூடேற்றுவேன். கல்லின் பிடி பிளாஸ்டிக் இல்லாததாக இருக்க வேண்டும். கலெட்டை எண்ணெய்த்தாளோடு வழுக்கி அதன்மேல் இறக்கினால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே அடி பிடித்துவிடும். பிறகு நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். மேல் மடிப்பு பொன்னிறமானதும் எடுத்துவிடாதீர்கள், நல்ல பழுப்பு வரும் வரை விடுங்கள். ஒரு கரண்டியை அடியில் விட்டுத் தூக்கினால் வளையாமல் விறைப்பாக எழும்ப வேண்டும். இதில் அவசரப்பட்டால் அத்தனை பாடும் வீண்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஓட்டோ ஒரு பள்ளத்தில் இறங்க, சைவக் கலெட் ஒன்று தட்டிலிருந்து சறுக்கி ஒரு பக்க மடிப்பு உடைந்துவிட்டது. துண்டாக வெட்டி அடுக்கியபோது யாருக்கும் தெரியவில்லை. விளிம்பு உயர்ந்த தட்டில் கொண்டுவந்திருந்தால் அதுவும் நடந்திராது. சுடுவதற்கு முன் கிழிந்தால் ஒட்டுப்போட ஒரு எலுமிச்சை அளவு மாவை எப்போதும் மிச்சம் வைத்திருங்கள்.

மீன் வைத்தவற்றைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர்ச் சூட்டில் அவற்றை மேசையில் இரண்டு மணித்தியாலம் விடக் கூடாது, கச்சான் வீசும் நாளில் ஒரு மணித்தியாலமே அதிகம். வீட்டுக்கு வந்ததும் மூன்றில் இரண்டைப் பிரிட்ஜுக்குள் வைத்து, வேண்டிய நேரம் 180 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், உள்ளே கறி நன்றாகச் சுடும் வரை சூடாக்கினேன். சைவம் அப்படியே ஆறிய பதத்தில் போனது, அது ஆறினால்தான் ருசி. சுட்டதும் பதினைந்து நிமிஷமாவது விடாமல் வெட்டினால் கறி வழிந்துவிடும்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் உண்மையிலேயே குளித்து, சேலை உடுத்தி, விறாந்தையில் நின்றேன். பெரியம்மா வந்ததும் முதல் கேள்வி கத்தியைப் பற்றித்தான். சைவத்துக்குத் தனிக் கத்தி, தனி மேசை, கரண்டியும் வேறு என்று காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு துண்டு எடுத்தார். மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்றை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, "இதென்ன பிள்ளை, சீனிச்சம்பல் பணிஸும் பற்றிஸும் கலியாணம் கட்டின மாதிரி" என்றார். மாமா அதற்குப் பெரிய பற்றிஸ் என்று பெயர் வைத்துவிட்டார். கலெட் என்ற சொல் எங்கள் சொந்தக்காரர் மத்தியில் இனி ஓடப் போவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அம்மா பாக்குமரத்துப் பக்கக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தன்னோடு படிப்பித்த இரண்டு ரீச்சர்மாரோடு, பிள்ளைகளின் பெயர் சொல்லிச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருந்தார். முதல் அரை மணித்தியாலம் இரண்டு தரம் எழும்பப் பார்த்தார், குசினியில் ஏதோ மறந்துவிட்டது மாதிரி. தம்பி தோளில் கை வைத்து இருத்தினான். மூன்றாவது தரம் எழும்பவில்லை. அப்போதுதான் எடுத்த படம் இப்போது சுவரில் இருக்கிறது. கையில் பாதி தின்ற துண்டு, மடியில் உதிர்ந்த பொருக்குகள்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை செய்துவிட்டேன். மச்சாள் சொன்ன பக்வீட் இங்கே கிடைக்காது என்பதால் ஒருமுறை கால் கிலோவில் 50 கிராமை எடுத்துவிட்டுக் குரக்கன் மா சேர்த்துப் பார்த்தேன். நிறம் கறுத்தாலும் வறுத்த வாசம் அருமை, மீன் கறிக்கு நன்றாகப் பொருந்தியது. 100 கிராம் போட்டபோது மடிக்கிற இடமெல்லாம் வெடித்தது. குரக்கனில் பிடித்து வைக்கிற பசை இல்லை, ஆகவே 50ஐத் தாண்ட வேண்டாம். மாரி மழை தொடங்கி ஊர் குளிர்ந்த பிறகு, ஐஸ் தட்டமும் விடியற்காலமும் இல்லாமலே உருட்ட முடிந்தது. ஆனாலும் பட்டரைத் துருவுவதை நான் விடவில்லை.

மிஞ்சிய துண்டுகளை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மா துவண்டுவிடும். காய்ந்த தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், மிகச் சின்ன நெருப்பில், மூடி போட்டு ஐந்து நிமிஷம், மூடியை எடுத்து இரண்டு நிமிஷம். விருந்துக்கு அடுத்தநாள் காலையில் சைவத் துண்டுகள் ஐந்து மிஞ்சியிருந்தன. அம்மா அப்படிச் சூடாக்கி, அப்பாவுக்கு இரண்டும் தம்பிக்கு ஒன்றும் வைத்துவிட்டு, மிச்சத்தையும் பிளேன்டீயையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். நேற்றைய கதிரை அங்கேயே கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு, "தயிரை எத்தனை மணிக்குத் துணியில கட்டினனி?" என்று கேட்டார்.